டயர் பற்றி எல்டனைக் கேளுங்கள்

டிரெய்லர் டயர் தேய்ந்து கெடுவதைவிட வயதாகிக் கெடுவதுதான் அதிகம், தம்பி. தரையில் படும் பக்கத்தில் பட்டன் பட்டனாக இருப்பதெல்லாம் புதுசுபோல இருக்கும், உள்ளே ரப்பர் செத்துப்போயிருக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருப்பார்கள், எந்த வாரம் எந்த வருஷம் செய்தது என்று. அதைக் குனிந்து பார்க்க ஒருத்தருக்கும் முதுகு வளையாது. உங்கள் போலீஸ் வண்டி வாசலில் நிற்கிறதே, வரும்போது பார்த்தேன், முன்பக்கம் இடது டயரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நல்லதுக்குத்தான் சொல்கிறேன். நீங்கள் கேட்டது அதைப் பற்றி இல்லை, ஏரிக்குள் கிடக்கும் டிரெய்லரைப் பற்றி என்று எனக்கும் தெரியும். அங்கேதான் வந்துகொண்டிருக்கிறேன்.

என் பெயர் எல்டன் ரஸ்முசென். நெடுஞ்சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். கரையில் பனிக்கட்டி உடைந்ததும் நானும் என் மனைவி மார்லிஸும், சக்கரம் வைத்த சின்ன வீடு மாதிரியான எங்கள் டிரெய்லரை இழுத்துக்கொண்டு இந்த ஏரிக்கரை முகாமுக்கு வந்துவிடுவோம். இலை உதிரும்வரை இங்கேதான் குடித்தனம். இந்த முகாமில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும், முதலாளி அம்மாவே என் நாற்காலி இருக்கும் பக்கம் கையைக் காட்டி, "எல்டனைக் கேளுங்க" என்றுதான் சொல்வார். அவர்களும் வருவார்கள். கையில் ஒரு பீரோடு வருவார்கள், தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள், பிறகு கேட்பார்கள். நான் யார் வாசலுக்கும் வலியப் போய்ப் புத்தி சொன்னவன் இல்லை. கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சில சமயம் சொல்வேன், உயிர் விஷயம் பாருங்கள்.

போன வருஷம் ஒரு சின்னஞ்சிறு ஜோடி வந்தது. பொடி பிக்கப் வண்டி, அதற்குப் பின்னால் அதைவிடப் பெரிய டிரெய்லர். வரும் வழியெல்லாம் டிரெய்லர் வாலை ஆட்டிக்கொண்டே வந்ததாம். போய்ப் பார்த்தால் தண்ணீர், பீர், விறகு எல்லாவற்றையும் பின்கோடியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் டிரெய்லரின் மூக்கில் உட்கார வேண்டும், அப்போதுதான் அது ஒழுங்காகப் பின்னால் வரும். எல்லாவற்றையும் முன்னால் மாற்ற வைத்து, ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பி எது வாங்குவது, வண்டியோடு டிரெய்லரைக் கோக்கும் ஹிட்ச் எவ்வளவு தாங்க வேண்டும் என்று சாயங்காலம்வரை எடுத்துச் சொன்னேன். மறுநாள் அந்தப் பெண் ஒரு தட்டு நிறைய எலுமிச்சை பார், கேக் மாதிரி ஒரு இனிப்பு, சுட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். நான் பணத்துக்கோ பாருக்கோ செய்யவில்லை. ஆனால் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.

இந்த வருஷம் கர்ட்டிஸ் வந்தார். ஒஹையோக்காரர். மனைவி பெயர் லவான், தங்கமான அம்மா, அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வந்து இறங்கிய அன்றைக்கே கர்ட்டிஸ் எங்கள் கூடாரத் திரைக்குக் கீழே வந்து நின்று, என் பிக்கப்பின் பின்னால் இருந்த ஹிட்ச்சைக் குனிந்து பார்த்தார். நாலு பேர் சுற்றி நிற்கிறார்கள்.

"தலைவரே, இந்த ஹிட்ச்சுக்கு ஓட்டுரிமையே வந்திருக்குமே. போன தேர்தல்ல யாருக்குப் போட்டுச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். மார்லிஸும் சிரித்தாள். நானும் சிரித்தேன். நம் மினசோட்டாக்காரர்கள் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா, வயிறு எரிந்தாலும் சிரித்துவிட்டுக் காபி வேணுமா என்று கேட்போம். கேட்டேன். அவரும் குடித்தார். காபி தண்ணியாக இருக்கிறது என்றார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனிதர் டயரில் கை வைத்தார். டிரெய்லருக்கு டிரெய்லர் டயர்தான் போட வேண்டும் என்பதில்லையாம், பிக்கப்புக்குப் போடும் டயரைப் போட்டாலே போதுமாம், அதுதான் நீடித்து உழைக்குமாம். தம்பி, பிக்கப் டயரின் பக்கச் சுவர் குழைவாக இருக்கும், உட்கார்ந்திருப்பவனுக்குக் குலுங்காமல் இருக்க வேண்டுமே. டிரெய்லரில் யார் உட்காரப் போகிறார்கள்? அதற்கு விறைப்புதான் வேண்டும். இறுக்கமாகத் திரும்பும்போது அந்த நாலு சக்கரமும் பக்கவாட்டில் எப்படி இழுபடுகிறது என்று ஒருநாள் தரையில் படுத்துப் பார்த்தால் தெரியும். நான் படுத்துப் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் பொறுமையாக அவருக்கு விளக்கினேன். அவர் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டுவிட்டு, "நான் இதே டயர்ல ராக்கி மலை ஏறி இறங்கினவன் தலைவரே" என்றார். அவ்வளவுதான் அவருடைய வாதம். அதற்கு நாலு பேர் தலையாட்டினார்கள். வாரம் திரும்புவதற்குள் நாற்காலிகள் எல்லாம் என் பக்கத்திலிருந்து அவர் பக்கத்துக்குப் போய்விட்டன. முதலாளி அம்மா கை காட்டும் திசையும் மாறியது.

ஒரு காலத்தில் என்னைச் சுற்றி உட்கார இடமில்லாமல் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தவர்கள். இப்போது என்னைக் கடந்து போகும்போது கையை மட்டும் தூக்கிக் காட்டுவார்கள். எனக்கு வருத்தம் என்னைப் பற்றி இல்லை. தப்பான டயரைப் போட்டுக்கொண்டு குழந்தை குட்டியோடு நெடுஞ்சாலையில் போகப் போகிறார்களே என்றுதான்.

மார்லிஸ் விஷயத்துக்கு வருகிறேன், அவசரப்படாதீர்கள். லவான் அம்மா உங்களிடம் ஏதாவது சொல்லியிருப்பார், அதை நானே சொல்லிவிடுவது நல்லது.

ஒருநாள் காலையில் நான் டிரெய்லருக்குள் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் படுத்து ஒழுகும் குழாயை முடுக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. வெளியே எங்கள் திரைக்குக் கீழேயே, எங்கள் மேஜையிலேயே கர்ட்டிஸ் உட்கார்ந்து எங்கள் பான்கேக்கைத் தின்றுகொண்டிருந்தார். மார்லிஸ் அவரிடம் சொன்னாள்:

"எங்க டிரெய்லருக்கு டயர் மாத்தணும் கர்ட்டிஸ். எது போடறதுன்னு நீங்க சொல்லிடுங்க. எல்டன்கிட்ட கேட்டா பொழுது விடிஞ்சு பொழுது போயிடும்."

அவர் இரண்டு வார்த்தையில் சொன்னார். பிக்கப் டயர். டயர் என்ன இரண்டு வார்த்தையில் முடிகிற விஷயமா? எடை கேட்கவில்லை, அளவு கேட்கவில்லை, காற்று எவ்வளவு வைக்கிறோம் என்று கேட்கவில்லை. மார்லிஸும் "ரொம்ப நல்லதாப் போச்சு" என்றாள். பிறகு அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். கர்ட்டிஸும் லவானும் டுலூத்தில் மகள் வீட்டுக்கு ஒரு வாரம் போகிறார்கள், டிரெய்லரோடுதான். திரும்பி வரும்போது எங்களுக்கு நாலு டயர் வாங்கி வருவார். அவரே மாட்டியும் தருவாராம். எல்டனுக்கு ஆச்சரியமா இருக்கட்டும் என்றாள் மார்லிஸ்.

நான் அந்தக் குழாயை முடுக்கி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். கொஞ்சம் அதிகமாகவே முடுக்கிவிட்டேன், இப்போது அது திறக்க மாட்டேன் என்கிறது.

மார்லிஸைக் கல்யாணம் செய்வதற்கு முன்னால் அவளிடம் ஒரு பழைய கார் இருந்தது. பனிக்காலத்துக்கு என்ன டயர் போடுவது என்று எங்கள் பணிமனைக்கு வந்து நின்றாள். நான் டயரைப் பற்றிச் சொன்னேன், அவள் கேட்டுக்கொண்டே நின்றாள், வெளியே பனி கொட்டி அவள் காரே மூடிப்போய்விட்டது. அப்புறம் நான்தான் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். எங்களுக்குள் எல்லாமே டயரில்தான் ஆரம்பித்தது என்றால் தப்பில்லை. அன்றிலிருந்து அவள் ஏறிய எந்த வண்டிக்கும் டயர் பார்த்துக் கொடுத்தவன் நான். வேறொருவன் பார்த்ததில்லை. ஆனால் இதற்கும் நேற்றுக் காலை நடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். தப்பான டயர் என் மனைவி படுத்துறங்கும் டிரெய்லரில் ஏறக் கூடாது. என் அக்கறையெல்லாம் அது மட்டும்தான். அவளுடைய பாதுகாப்பு.

இப்போது உங்களுக்கு டிரெய்லர் இருக்கிறதா இல்லையா தெரியாது. இருந்தால் இது தெரிந்திருக்கும். வண்டியோடு டிரெய்லரை மாட்டிக்கொண்டிருப்பவனிடம் பேசக் கூடாது. எந்த முகாமிலும் எழுதிப் போட்டிருக்க மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் டிரெய்லர் மூக்கருகே குனிந்துவிட்டால் நாங்கள் குட்மார்னிங்கூடச் சொல்ல மாட்டோம், நாயைக்கூட அந்தப் பக்கம் விட மாட்டோம். ஒருமுறை ஒருத்தருடைய அடுப்பு மேல் கிடந்த துணி தீப்பிடித்துவிட்டது. பக்கத்து ஆள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, இவர் சங்கிலி மாட்டி முடிக்கும்வரை காத்திருந்துதான் சொன்னார். ஏனென்றால் அது வரிசையாகச் செய்ய வேண்டிய வேலை. நடுவில் ஒரு பேச்சு விழுந்தால் கை எங்கே நின்றது என்பது மறந்துபோகும். விட்ட இடத்துக்கு அடுத்ததைத் தொடுவான், விட்டதைத் தொட மாட்டான். எத்தனையோ விபத்து இப்படித்தான்.

நேற்றுக் காலையில் நான் பேசினேன்.

கர்ட்டிஸ் தன் பிக்கப்பைப் பின்னால் எடுத்து நிறுத்தினார். நல்ல கை, அதைக் குறை சொல்ல மாட்டேன். வண்டியின் பின்னால் ஹிட்ச்சில் நிற்கும் இரும்புக் குண்டின்மேல் டிரெய்லரின் மூக்கைச் சரியாக இறக்கினார். அடுத்து, குண்டு நழுவாதபடி மூக்கின் கொண்டியை அழுத்திப் பூட்டி அதில் பின்னைச் செருக வேண்டும். கை கொண்டிக்குப் போனது. நான் கிட்டே போய், "கர்ட்டிஸ், நான் யோசிச்சுப் பார்த்தேன், அந்த டயர் விஷயத்துல நீங்க சொன்னதுதான் சரி" என்றேன்.

மனிதர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. கொண்டியை அப்படியே விட்டுவிட்டு என் தோளில் கை போட்டார். "வாங்க தலைவரே, காட்டறேன்" என்று டிரெய்லரைச் சுற்றி ஒவ்வொரு டயராகக் கூட்டிப் போனார். போகிற போக்கில் பேசிக்கொண்டே வாசல் படியை மடித்துவிட்டார், கதவையும் தள்ளிச் சாத்தினார். நான் ஒவ்வொரு டயருக்கும் தலையாட்டினேன். திரும்பி வந்து, குண்டு கழன்றாலும் டிரெய்லரைப் பிடித்து வைக்கும் சங்கிலியைக் கையில் எடுத்தார். ஹிட்ச் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். சங்கிலியைக் கீழே வைத்துவிட்டு அதைச் சொன்னார். அது ஒரு நீளமான கதை. அது முடிந்ததும் லைட்டுக்கான வயரைச் செருகினார். டிரெய்லர் அறுந்து போனால் தானே பிரேக் பிடிக்க வைக்கும் கம்பி ஒன்று உண்டு, அதற்குக் கை போனபோது மகள் நலமா என்று விசாரித்தேன். மகளைப் பற்றிப் பேசிக்கொண்டே ஜாக்கியைத் தூக்கிவிட்டார். நமக்குத்தான் வழியனுப்புவது என்றால் வாசலில் ஒருமுறை, வண்டியருகே ஒருமுறை, கண்ணாடியை இறக்கி ஒருமுறை என்று நேரம் போவதே தெரியாதே. பார்த்தவர்கள் யாருக்கும் வித்தியாசமாகத் தெரிந்திருக்காது. எல்டன் திருந்திவிட்டான் என்றுகூட நினைத்திருப்பார்கள்.

நான் எதையும் கழற்றவில்லை, உடைக்கவில்லை, தொடக்கூட இல்லை. சக்கரத்துக்கு வைத்திருந்த கட்டையை மட்டும் எடுத்துக் கொடுத்தேன், அது உதவி. பின்னால் போய் நின்று, "லைட் எல்லாம் எரியுது" என்று குரல் கொடுத்தேன். எரிந்தது. பொய் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

என் கணக்கு இதுதான். அவர் இடத்திலிருந்து மேலே நெடுஞ்சாலைவரை சரளைப் பாதை ஏறும். கீழே நேராகப் போனால் படகு இறக்கும் சாய்வு, அதன் முடிவில் ஏரி. மேல்முனையில் வேகத்தடை இருக்கிறது. அந்தத் தடையில் ஏறி இறங்கும்போது குண்டு மூக்கைவிட்டுக் கழன்றுகொள்ளும். டிரெய்லர் மூக்கால் சரளையை உழுதுகொண்டு பின்னால் வரும், சாய்வுக்கு முந்தியே அங்கே போட்டிருக்கும் மண்மேட்டில் முட்டி நிற்கும். ராக்கி மலை ஏறியவரின் யோக்கியதை முகாமுக்கே தெரியும். டுலூத்தும் இல்லை, டயரும் இல்லை. பாதையில் யாராவது நடக்கிறார்களா என்று இருமுறை பார்த்துக்கொண்டேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

உள்ளே மார்லிஸ் இருந்தது எனக்குத் தெரியுமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

முந்தின ராத்திரி எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். மார்லிஸ் இறைச்சியும் காய்கறியும் சேர்த்து ஓவனில் சுட்ட ஹாட்டிஷ் கொண்டு போயிருந்தாள், உருளைக்கிழங்கு மொறுமொறுவென்று மேலே போட்டது. கண்ணாடிப் பாத்திரம் லவானிடம் தங்கிவிட்டது. பாத்திரம் போனால் போகட்டும் என்று விடுகிற பெண் நம் பக்கத்தில் யார்? நாங்கள் மூன்றாவது டயருக்குக் குனிந்திருந்தபோது மார்லிஸ் மறுபக்கமாக வந்து உள்ளே ஏறினாள். லவான் அம்மா முன்சீட்டில் மகளோடு போனில் இருந்தார், கவனிக்கவில்லை. கர்ட்டிஸ் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவளுடைய பச்சை ஸ்வெட்டர், நான் வாங்கிக் கொடுத்தது.

இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன், ஆனால் பாத்திரம் எந்த அலமாரியில் இருந்ததோ, தேடிக்கொண்டே இருந்துவிட்டாள். அப்புறம் கதவு சாத்தப்பட்டது, அப்புறம் வண்டி நகர்ந்தது. சமையலறை ஜன்னல் திரை விலகியது. அவள் முகம் தெரிந்தது. கண்ணாடியைத் தட்டி ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். ஒரு சத்தம் போட்டிருந்தால் கர்ட்டிஸ் நிறுத்தியிருப்பார், அவர் கண்ணாடி இறங்கித்தான் இருந்தது.

ஆனால் டிரெய்லர் இழுக்கிறவனிடம் பேசக் கூடாது என்பது எங்கள் வழக்கம். காலையிலேயே ஒருதரம் அதை மீறியிருந்தேன். இன்னொரு தரம் மீற எனக்கு மனம் வரவில்லை.

வேகத்தடையில் கழன்றது, நான் சொன்ன இடத்திலேயே. மூக்கு சரளையில் விழுந்தது, வயர் பிய்ந்தது, உழுதுகொண்டே வந்தது. அதுவரைக்கும் கணக்கு ஒரு அங்குலம் பிசகவில்லை. மண்மேடுதான் ஏமாற்றிவிட்டது. வசந்த மழையில் கரைந்திருந்ததை நான் போய்ப் பார்த்திருக்க வேண்டும், அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். டிரெய்லர் அதைத் தாண்டிச் சாய்வில் இறங்கி, தண்ணீருக்குள் போய்க் கொஞ்ச நேரம் மிதந்து, பிறகு ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. டயர் நாலும் நன்றாகவே இருந்தன, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முகாமே ஓடி வந்தது. கதவு திறந்தது. இடுப்பளவு தண்ணீரில் மார்லிஸ் இறங்கினாள். கண்ணாடிப் பாத்திரத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள், ஒரு கீறல் இல்லை. அவளுக்கும் ஒன்றுமில்லை, முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான், கடவுள் புண்ணியம். கர்ட்டிஸ் முகத்தில் ஈயாடவில்லை. "மாட்டினேனே, மாட்டின மாதிரிதானே இருக்கு" என்று தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். லவான் அம்மா அழுதார். அதைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

மார்லிஸ் கரையேறி வந்தாள். யாரோ போர்வை கொடுத்தார்கள், வாங்கவில்லை. கீழே உழுது கிடந்த தடத்தைப் பார்த்தாள், மேலே கர்ட்டிஸின் வண்டியில் வெறுமனே நின்ற குண்டைப் பார்த்தாள். பிறகு நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"எல்டன், கொண்டி போடலேன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும், தம்பி. நீங்கள் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டீர்கள். கர்ட்டிஸுக்கே தன்மேல்தான் சந்தேகம், என்மேல் ஒருத்தருக்கும் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்குத் தெரிந்த பதிலை எப்படிச் சொல்லாமல் இருப்பது? தெரியும் என்றேன். கொண்டி அழுத்தினால் என்ன ஆகும், அழுத்தாவிட்டால் என்ன ஆகும், கொண்டியில் செருகும் பின்னை எப்போது விட்டார், சங்கிலி எதனால் இரண்டாக இருக்கிறது, ஏன் குறுக்காக மாட்ட வேண்டும், எந்தப் பேச்சில் எது மறந்தது, ஜன்னலில் அவள் முகம் தெரிந்தபோது வண்டி எவ்வளவு தூரம் போயிருந்தது, எல்லாவற்றையும் முறையாக, ஒன்றுவிடாமல் சொன்னேன். எல்லோரும் சுற்றி நின்று கேட்டார்கள். ஒருத்தரும் நகரவில்லை. மார்லிஸ் உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட நின்று கடைசிவரை கேட்டாள், நடுவில் ஒருதடவைகூட சுருக்கமாகச் சொல்லு என்று சொல்லவில்லை. முடிந்ததும் பாத்திரத்தை லவானிடம் பிடித்துக்கொள்ளக் கொடுத்துவிட்டு முதலாளி அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு போனாள்.

உங்களைக் கூப்பிட்டது அவள்தான் என்கிறீர்கள். இருக்கட்டும், அவள் செய்தது முறைதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். கர்ட்டிஸ் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், கையெட்டும் தூரத்தில். அவரை அவள் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாள்.